வலி வண்டி

கீழ் லயம், மஞ்சூர் அஞ்சல்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

அண்ணி ராஜகுமாரி எழுதுகிறேன். நீங்களும் மாலதியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது அண்ணி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசுவதையெல்லாம் உங்கள் அண்ணன் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். ஆபரேஷனில் அவருக்கு நாக்குதான் போனது, காது நன்றாக இருக்கிறது. தோட்டத்து லய வீடுதானே, ஒரே அறை. வெளியே போய்ப் பேசலாமென்றால் இந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைப்பது அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் மட்டும்தான். "பரவாயில்லீங்க தம்பி, நல்லா இருக்கார்" என்று இத்தனை நாள் உங்களிடம் நான் சொன்னதெல்லாம் அவர் கேட்பதற்காகச் சொன்னது.

போன வாரம் கோயம்புத்தூருக்கு மறுபடி கூட்டிப் போனேன். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். புற்று கழுத்திலும் இறங்கிவிட்டதாம். இனிமேல் கரண்ட் வைத்தும் பயனில்லை, மருந்து ஏற்றியும் பயனில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதற்குள் அடுத்த நோயாளியைப் பார்க்க அவர் உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது உங்கள் அண்ணன் தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று எழுதிக் காட்டினார். இப்போது அவருக்குப் பேச்சு அந்தத் தாள்தான். புண் ஆறினால் போதும் என்றார் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வலி கூடிவிட்டது. கன்னத்துப் புண் வெளியே திறந்திருக்கிறது. மூக்குக் குழாயில்தான் பாலும் கஞ்சியும். பால்வாடி டீச்சர் அம்சவேணி சொல்லி, ஊட்டியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்த்தாள். பிரியா என்று பெயர், அங்கே காந்தல் பக்கத்துப் பெண். இந்த மாதிரி நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து வைத்தியம் செய்வதற்காக ஒரு வேனில் டாக்டரும் அவளும் மஞ்சூர் வரைக்கும் வருகிறார்கள். இங்கே எல்லோரும் அதை வலி வண்டி என்கிறார்கள். வேன் நம் லயத்துக்கு இறங்காது, பிரியா மட்டும் நடந்து வந்தாள். டாக்டர் மார்பின் மாத்திரை எழுதித் தருவார், வலி அடங்கும் என்றாள். உங்களைக் கேட்காமல் நான் வாங்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்க உங்களை விட்டால் யார்?

அம்சவேணி வீட்டு விலாசத்துக்குப் பதில் போடுங்கள். ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அண்ணி
ராஜகுமாரி

•

திருப்பூர்
18 ஜூன் 2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

பாலகுமார் வணக்கம். இங்கே மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் வைத்துப் படித்தேன். அதற்குமேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அண்ணி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். டாக்டர் சொன்னது அண்ணன் காதுக்குப் போகவே கூடாது. தெரிந்தால் அன்றைக்கே மனசு விட்டுவிடுவார். மனசு விட்டால் உடம்பு எத்தனை நாள் நிற்கும்?

அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். என் மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் மார்பின் ஊசி போட்டார்கள். காலையில் போட்டது, சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், எப்படிக் கொண்டுவந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். அது ஆளை முடித்துவைக்கிற மருந்து. அந்த நர்ஸ் பெண்ணுக்கு என்ன, அவளுக்கு இவர் பத்தோடு பதினொன்று. நமக்கு அப்படியா?

இங்கே கூட வேலை செய்கிற ஒருவர் ஒரு சித்த வைத்தியரைச் சொன்னார். கைவிட்ட கேஸ்களையெல்லாம் எழுப்பி உட்கார வைத்திருக்கிறாராம். போய்ப் பார்த்தேன். ஒரு சூரணம் கொடுத்திருக்கிறார். மஞ்சூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். மூன்று வேளையும் பாலில் கலந்து கொடுங்கள்.

இந்த மாதம் ஷிப்மென்ட் இருக்கிறது. செக்கிங் செக்‌ஷன் முழுவதும் என் தலையில். முடிந்ததும் வருகிறேன். தைரியமாக இருங்கள்.

உங்கள் தம்பி
பாலகுமார்

•

கீழ் லயம்
7 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. குந்தா அணையைத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு. துணி காய்வதில்லை, விறகும் காய்வதில்லை.

நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சூரணம் மூன்று வேளையும் கொடுக்கிறேன். பிரியா மறுபடி வந்தபோது மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "சரிங்க அக்கா. எப்ப வேணும்னாலும் கூப்புடுங்க. ஆனா ஒண்ணு, வலியைத் தாங்குனதுக்கு யாரும் யாருக்கும் பரிசு குடுக்கறதில்லைங்க" என்று மட்டும் சொன்னாள். புண்ணைக் கழுவிக் கட்டினாள். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. அதை உங்கள் அண்ணன் கவனித்தார்.

நான் காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் அரைப் பேருக்கு மேல் போட முடிவதில்லை, அரை நாள் கூலியோடு மத்தியானம் ஓடி வந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஆயம்மாள் அதுவரைக்கும் எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அவர் சத்தம் போட்டு அழுதால்கூட எனக்குத் தேவலையாக இருக்கும். அந்தச் சத்தத்தையும் அடக்கிக்கொள்கிறார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். பிடித்த இடத்தில் மரம் வழுவழுப்பாகிவிட்டது.

டீ பாக்டரியில் அவர்கூட வேலை பார்த்த பொன்ராஜ் முன்பெல்லாம் தினமும் வருவான். இப்போது வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போகிறான். வாடை அப்படி. நான் குறை சொல்லவில்லை.

உங்கள் ஷிப்மென்ட் முடிந்ததா? பஸ் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்புகிறார். வேறு யாரை எதிர்பார்க்கப் போகிறார்?

பாப்பாவுக்கு என் முத்தம்.

ராஜகுமாரி

•

கீழ் லயம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே. நீங்கள் பஸ்ஸில் கொடுத்துவிட்ட இரண்டாவது பொட்டலம் வந்து சேர்ந்தது. கடிதம் இருக்குமென்று உதறிப் பார்த்தேன், இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் அண்ணன் உறங்குகிறார். ராத்திரி படுத்தால் விடியும்வரை உறங்குகிறார். மருந்து நன்றாகக் கேட்கிறது. நேற்று வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அவராகவே எழுந்து நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி அந்தப் பக்கம் போனவர் நின்று கும்பிட்டார். இவரும் கும்பிட்டார்.

பொன்ராஜும் உள்ளே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான். வாடை குறைந்திருக்கிறது.

எனக்கும் உடம்பு பரவாயில்லை. முழுப் பேர் போடுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

ராஜகுமாரி

•

திருப்பூர்
12 ஆகஸ்ட் 2024

என் அண்ணிக்கு,

ஆயிரம் வணக்கம். இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவே தேவையில்லை, உங்கள் கடிதமே எங்களுக்கு நலம். மாலதியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவளும் அழுதுவிட்டாள்.

நான் சொன்னேன் இல்லையா அண்ணி? பெரிய ஆஸ்பத்திரி கைவிட்டதை ஒரு சூரணம் கேட்கிறது பாருங்கள். வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்தால் புண் மூடிவிடும் என்கிறார். மருதமலைக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டலாம். கன்னத்தை ஒட்டவைத்துச் சரிசெய்வார்களாம். இங்கே வந்துவிட்டால் நம் வீட்டிலேயே தங்கலாம். அந்த ஈரத்தில் எதற்கு இருக்க வேண்டும்?

அந்த வேன்காரர்களை அண்டவிடாமல் இருந்ததற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இந்த மாதம் ஆடிட் வருகிறது. அடுத்த மாதம் கட்டாயம்.

பாலகுமார்

•

கீழ் லயம்
25 ஆகஸ்ட் 2024

தம்பி பாலகுமாருக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் நலமாக இல்லை. இனிமேல் மறைத்தால் எனக்கு உண்ட சோறு செரிக்காது.

அவரை உறங்க வைத்தது சூரணம் இல்லை. மார்பின்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் நான் வேலை முடித்து வரும்போது லயத்தில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுத் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் கொட்டுகிற இடத்தில் உங்கள் அண்ணன் நிற்கிறார். கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புண்ணிருந்த கன்னத்தை மேலே தூக்கி, கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஐஸ் மாதிரித் தண்ணீர். அதில் மரத்துப்போகும் என்று நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமென்று தெரியாது. உடம்பெல்லாம் நடுங்குகிறது. இழுத்தால் வர மாட்டேன் என்கிறார். ஆயம்மாளும் நானும் சேர்ந்துதான் உள்ளே கொண்டுவந்தோம்.

அப்போதே அவர் தலைமாட்டில் இருந்த போனை எடுத்து, அவர் காதில் விழும்படியே பிரியாவைக் கூப்பிட்டேன்.

மறுநாள் டாக்டரையும் கூட்டி வந்தாள். உங்கள் மாமனாரைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். கடைசி நேரத்தில் கொடுக்கிற எந்த மருந்தின் மேலும் அந்தப் பழி விழும் அம்மா, நோய்தான் அவரைக் கொண்டுபோயிருக்கும் என்றார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடுகிறேன். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து தந்தார்கள். புண்ணில் தூவ வேறொரு மாத்திரைப் பொடி தந்தார்கள், வாடை போனது அதனால்தான். உங்கள் சூரணம் குழாயை அடைத்துக்கொண்டது. புதுக் குழாய் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். வலி அடங்கின வாரத்தில் பிரியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, எங்கிட்ட ஏதாச்சும் கேக்கோணும்னு இருந்தா கேளுங்க. மறைக்காமச் சொல்றேனுங்க" என்றாள். நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அவளைத் தடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் காலண்டர் தாளை எடுத்து எழுதி அவளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, அவரைப் பார்த்து, "அக்காகிட்டயே குடுத்துரட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"நான் பிழைக்க மாட்டேன் என்பது என் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

அதுதான் எழுதியிருந்தது, தம்பி. அவருக்குத் தெரியக்கூடாது என்று நானும், எனக்குத் தெரியக்கூடாது என்று அவரும் ஒரே அறைக்குள் கிடந்திருக்கிறோம். பிரியா வெளியே போய் நின்றுகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுததற்கு அவர் என் முதுகைத் தடவினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்னைத் தொட்டதில்லை.

சென்னைக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். கோபம் என்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ராஜகுமாரி

•

கீழ் லயம்
22 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

மூவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்சவேணியிடம் தினமும் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு, இப்போது அவளே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறாள். போன் செய்தால் மாலதி எடுக்கிறாள், நீங்கள் டூட்டியில் என்கிறாள். அவள் குரலே சரியில்லை.

போன வாரம் மண் சரிந்து மஞ்சூர் ரோடு அடைபட்டது. வேன் வரவில்லை. டப்பாவில் மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. இந்த மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்காது, அதற்கென்று அனுமதி உள்ள இடத்தில்தான் தருவார்கள். ஊட்டியை விட்டால் வழியில்லை. ஒரு வேளையைத் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். அவர் கை மறுபடி கட்டில் சட்டத்துக்குப் போனது.

பிரியா மின்வாரிய ஜீப்பில் இடம் கேட்டு ஏறி, சரிவு வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்து வந்தாள். காலெல்லாம் அட்டைக் கடி. ஒரு மாதத்துக்கான மாத்திரையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கீழே இன்னும் மூன்று எஸ்டேட்டில் ஆட்கள் கிடக்கிறார்கள், அங்கே போக ஆளும் இல்லை வண்டியும் இல்லை என்றாள். டீ குடிக்கச் சொன்னால், குடித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உங்கள் அண்ணன் தன் கம்பளியை என்னிடம் கொடுத்து அவள்மேல் போடச் சொன்னார்.

மெலிந்துகொண்டே போகிறார். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ராஜகுமாரி

•

6 அக்டோபர் 2024

தம்பி பாலு,

அண்ணன் ஜெகதீசன். நீ, மாலதி, பாப்பா எல்லோரும் சுகமா? என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒரே மூச்சில் எழுத முடியாது. நேற்று ஆரம்பித்தேன், இன்றைக்கு முடிக்கிறேன்.

அண்ணிக்கு அம்சவேணி வீட்டில் கடிதம் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். இந்த லயத்தில் தபால்காரர் எந்த வாசலில் நிற்கிறார் என்று தெரியாதவன் யார்? இப்போது வராதது ஏன் என்று அவளைக் கேட்டு, எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிட்டேன். அவள்மேல் கோபப்படாதே. அவளை இவ்வளவு நாள் பயத்தில் வைத்தது நீயும் நானும்தான்.

எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடன் கேட்டாலும் தராத கடைக்காரர் வீட்டுக்கே ஹார்லிக்ஸ் கொடுத்து அனுப்புகிறார். மேஸ்திரி என்னைக் கும்பிடுகிறார். இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

சூரணம் அனுப்புவதை நிறுத்து. உன் காசு வீணாவதற்காகச் சொல்லவில்லை. பொட்டலம் வரும்போதெல்லாம், பொட்டலம் வந்த பஸ்ஸில் நீ வரவில்லை என்பதும் சேர்ந்து வருகிறது.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சின்னதில் லயத்தில் யாராவது செத்தால் நீ பாக்டரிக்கு ஓடிவந்து டிரையர் பின்னால் ஒளிந்துகொள்வாய். அம்மா செத்தபோதும் அங்கிருந்துதான் உன்னைத் தூக்கி வந்தேன். என் முகம் பயமாகத்தான் இருக்கும். நானே கண்ணாடி பார்ப்பதில்லை. வெள்ளைத் துணி கட்டியிருப்பேன். நீ அதைப் பார்க்க வேண்டாம், கண்ணை மட்டும் பார்.

இப்போது வலி இல்லை. இருந்தாலும் பொறுக்கிற அளவுதான். காலையில் வாசலில் உட்கார முடிகிறது. இது எத்தனை நாள் என்று தெரியாது. செத்த பிறகு வந்து என்ன கதைக்கப் போகிறாய்? இப்போதும் என்னால் கதைக்க முடியாது, ஆனால் நீ கதைத்தால் கேட்பேன். பிணத்துக்கு வராவிட்டால் குற்றமில்லை. உயிர் இருக்கும்போது வா.

வரும்போது பாப்பாவைக் கூட்டி வருவது உன் இஷ்டம். அவள் பயந்தால் வேண்டாம்.

உன் அண்ணன்
ஜெகதீசன்

•

திருப்பூர்
24 அக்டோபர் 2024

அண்ணா,

நான் நலம் என்று உங்களுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நேற்று மாலதி எடுத்து என் கையில் திணித்து, "இதப் படிக்காம நீங்க சாப்பாட்டுல கை வெக்கக் கூடாது" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

தீபாவளிக்குக் கம்பெனி லீவு விடுகிறார்கள். மூவரும் வருகிறோம். பாப்பா, பெரியப்பாவிடம் கேட்க என்னென்னவோ வைத்திருக்கிறாள்.

அண்ணியிடம் என்னைத் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லை, திட்டச் சொல்லுங்கள்.

பாலு

•

திருப்பூர்
6 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? காரியம் முடிந்து வந்ததிலிருந்து மாலதி இதைத்தான் கேட்கச் சொல்கிறாள். போனில் கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வீர்கள்.

காரியத்தன்று அத்தனை கூட்டத்தில் கேட்க முடியவில்லை. இப்போது கேட்கிறேன். அந்தக் காலை எப்படி இருந்தது, அண்ணி? மறுபடி மண் சரிந்து ரோடு அடைபட்டு, நான் சரிவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் மண் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பிணத்துக்கு வராவிட்டால் குற்றமில்லை என்று அண்ணன் எழுதியதைப் படித்துப் படித்துப் பார்க்கிறேன். ஆறுதலாக இல்லை.

தீபாவளிக்கு வந்த முதல் நாள், பிரியா கட்டுப் பிரித்தபோது நான் எழுந்து பின்பக்கம் ஓடினேனே, வாந்தி எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் அந்தப் பெண் என் கையில் கையுறையைக் கொடுத்து, "நீங்களே கட்டுங்கண்ணா. பாத்துட்டு நிக்கறதவிடக் கட்டறது சுலபமுங்க" என்றாள். உண்மைதான். கை வேலை செய்யும்போது கண் பயப்படவில்லை. கிளம்பும் வரைக்கும் தினமும் நான்தான் கட்டினேன். நல்ல பக்கத்துக் கன்னத்தில் சவரம் செய்துவிட்டேன். பாப்பா தன் ஸ்கூல் கதையெல்லாம் சொன்னபோது அண்ணன் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்தார், அண்ணி.

ஜூனிலேயே வந்திருந்தால் அந்தச் சிரிப்பு எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாலகுமார்

•

கீழ் லயம்
22 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

மாலதியிடம் சொல்லுங்கள், சாப்பிடுகிறேன். ஒருத்திக்குச் சமைப்பதற்குத்தான் அளவு தெரியவில்லை. மிஞ்சியது ஆயம்மாள் வீட்டுக்குப் போகிறது. இங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. விடியக்காலையில் செடி எல்லாம் வெள்ளையாக நிற்கிறது.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள். முதல் நாளே மூச்சு மாறிவிட்டது. பிரியாவுக்குச் சொன்னேன். வந்து பார்த்துவிட்டு, இனி எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், அது அவருக்கு வலியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். அதனால் சத்தம் வந்தபோது நான் அலறவில்லை. காலையில் மாத்திரையைக் கரைத்துக் குழாயில் விட்டேன். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்கு மணி அடித்தது, ஆட்கள் வாசலில் பேசிக்கொண்டு போனார்கள். உங்கள் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நேரமாயிற்று, வேலைக்குப் போ என்கிற மாதிரி இருந்தது. "இன்னைக்கு லீவு போட்டிருக்கேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. அடுத்தது வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தம்பி. வரவில்லை. கை தளர்வாகத்தான் இருந்தது. எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

மழையில் காத்திருக்க முடியாதென்று எல்லோரும் சொன்னதால் உங்களுக்காக நிறுத்திவைக்கவில்லை. பொன்ராஜ் முதல் மண் போட்டான்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டதால் சொல்கிறேன். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரைக்கும் அவர் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை. கையில் மருந்து இருந்தும் உங்கள் பேச்சைக் கேட்டு வேண்டாமென்றேன். உங்கள்மேலும் கோபம் இருக்கிறது, என்மேலும் இருக்கிறது. காலப்போக்கில் போகலாம். போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக நீங்கள் எனக்கு இல்லாமல் போகவும் மாட்டீர்கள். பொங்கலுக்கு வாருங்கள்.

மீதி மாத்திரைகளைப் பிரியாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பாமல் நின்றாள். கீழே ஒரு எஸ்டேட்டில் ஒருவர் கிடக்கிறார், வயிற்றில் நோய், வீட்டுக்காரர்கள் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள், நீங்கள் ஒருமுறை எங்களோடு வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். மாட்டேன் என்றேன். எனக்கு அந்த வாடையும் வேண்டாம், அந்தக் கட்டிலும் வேண்டாம், போதும் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். சரிங்கக்கா என்று போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து நானாகத்தான் மஞ்சூருக்குப் போய் வேன் வரும் இடத்தில் நின்றேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். கடைசி லயத்தில் கடைசி வீடு. ஒரு பெண் வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டு நின்றாள். என்னைவிட இளையவள். உள்ளே முனகல் சத்தம் கேட்டது. பிரியா பேச வாயெடுத்தாள். அந்தப் பெண் அவளைப் பார்க்காமல், என் வெறும் கழுத்தையே பார்த்தாள்.

"உங்க ஊட்டுக்காரருக்கும் இவங்கதான் மருந்து குடுத்தாங்களா?"

"ஆமாங்க."

"பொழச்சாருங்களா?"

பிரியா தரையைப் பார்த்தாள். எனக்கு ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. எத்தனை சொல்லியிருக்கிறேன்!

"இல்லீங்க, போன மாசம் தவறிட்டார். ஆனா வலியில்லாமப் போனாருங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றேன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். முனகல் மறுபடி கேட்டது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவிலிருந்து கையை எடுத்து, கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் உள்ளே போனேன்.

அண்ணி
ராஜகுமாரி